ஜூன் விடுமுறையில் தமிழகக் கடலோரம்: எப்போது போவது, எங்கே போவது, என்ன சாப்பிடுவது?

கேள்வி இதுதான்: ஜூன் பள்ளி விடுமுறையில் பத்து, பன்னிரண்டு நாள் கிடைக்கிறது. மன்னார்குடிப் பக்கம் உறவினர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டுக் கடற்கரையைக் காட்ட வேண்டும், அந்த மண்ணின் வெயில்காலச் சாப்பாட்டைச் சாப்பிடவைக்க வேண்டும். எப்போது கிளம்பலாம், எந்த ஊர்களுக்குப் போகலாம், எதைச் சாப்பிடலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தேதியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஜூன் 12ஆம் தேதி வாக்கில் கிளம்புங்கள். விடுமுறை தொடங்கிய மறுநாளே விமானம் ஏறாதீர்கள். மாதக் கடைசிவரை தள்ளியும் போடாதீர்கள்.

தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதால் வந்த தடை அது. முன்பு 45 நாட்களாக இருந்தது, பிறகு 61 ஆனது. கேரளத்திலும் கன்னியாகுமரியின் மேற்குக் கரையிலும் ஜூன் முற்பகுதியிலேயே தடை தொடங்கி ஜூலை இறுதிவரை நீடிக்கிறது. ஆக, ஜூன் முதல் பாதியில் சில நாட்கள் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் நாகப்பட்டினத்தில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து வஞ்சிரம் கேட்டால், தட்டில் வருவது பனிக்கட்டியில் நெடுநாள் கிடந்த துண்டாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். நம் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் அதே மீனைத் தெங்கிரி என்ற பெயரில் வாங்கிச் சமைத்திருந்தாலே அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அப்படியானால் ஜூன் 20க்கு மேல் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் பனை குறுக்கே வருகிறது. நுங்கும் பதநீரும் கோடையின் சரக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கொழித்து, ஜூன் போகப் போகக் குறைந்துவிடும். நுங்கு முற்றிக் கடுக்காயாகிவிடும். கடலுக்கு ஒரு நாட்காட்டி, பனைக்கு ஒரு நாட்காட்டி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது ஜூன் நடுவில்தான். 12ஆம் தேதி இறங்கினால் முதல் சில நாட்கள் பனை, பிறகு மீன். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள வழித்தடத்தைச் சொல்கிறேன்.

திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உறவினர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்ற முறை எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு தடவை அவர்களிடம் பேசி, மன்னார்குடியைப் பயணத்தின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக நேரே ராமநாதபுரம் போங்கள். காரணம் இரண்டு. ராமநாதபுரம் பனை நாடு. அடுத்தது, தடை முடிந்ததும் ராமேசுவரத்துப் படகுகளில் பெரும்பாலானவை ஓரிரவு மீன்பிடித்துவிட்டு மறுநாளே கரை திரும்பும். நாகைப் படகுகள் பல கடலிலேயே சில நாட்கள் தங்கித் தொழில் செய்துவிட்டு வருபவை. எனவே முதல் மீனை ராமேசுவரத்திலும், பெரிய மீனைச் சில நாள் கழித்து நாகையிலும் பிடிக்கலாம்.

ராமநாதபுரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில், குறிப்பாகச் சாயல்குடிப் பக்கம், காலை ஏழு மணிக்கெல்லாம் மரத்தடியில் பதநீர்க்காரர் உட்கார்ந்திருப்பார். காரை நிறுத்துங்கள். குருத்தோலையை மடித்து, இரு முனையையும் சேர்த்துக் கட்டி, ஒரு பட்டை செய்து பிள்ளைகள் கையில் கொடுப்பார். நுங்குக் காயின் தலையை அரிவாளால் சீவினால் உள்ளே பெரும்பாலும் மூன்று கண் தெரியும். கட்டைவிரலை விட்டு நெம்பினால் கண் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைப் பட்டைக்குள் போட்டு, மேலே பதநீரை ஊற்றுவார். இரண்டு கையாலும் ஏந்தி, ஓரத்தில் வாய் வைத்து உறிஞ்சிக் குடிக்க வேண்டும். பச்சை ஓலையின் மணம் முதலில் மூக்கில் ஏறும், பிறகு இனிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் மெல்லிய சுண்ணாம்புச் சுவை. பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏறப் பதநீரின் குணம் மாறும். பத்து மணிக்கு மேல் வாங்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் நுங்கைக் கண்டு தயங்கினால், ஐஸ் கச்சாங் என்ற பனித்தூள் இனிப்பில் வரும் அத்தாப் சீயின் அண்ணன் இது என்று சொல்லிப் பாருங்கள், உடனே வாயைத் திறப்பார்கள். இரண்டும் பனை இனத்துக் காய்களின் இளம் பருப்புதான். ஆனால் நம் ஊரில் அத்தாப் சீ சர்க்கரைப் பாகில் ஊறி வருகிறது, நுங்குக்குத் தன் தண்ணீரே போதும். "இளசாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். மேல்தோல் துவர்க்கும், துவர்ப்பு பிடிக்காத பிள்ளைக்கு உரித்துக் கொடுக்கலாம். நுங்குத் தண்ணீரை வேர்க்குரு மேல் தடவுவது ஊர்ப் பெரியவர்களின் வழக்கம். ஜூன் வெயிலில் உங்கள் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும்.

நேர வித்தியாசத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சிங்கப்பூரில் காலை ஏழரைக்கு எழும் பிள்ளை அங்கே ஐந்து மணிக்கே கண் விழித்துவிடும். அதைத் தொல்லையாக நினைத்து மறுபடியும் தூங்கவைக்கப் பார்க்காதீர்கள். அந்தக் கரையில் ஜூன் மாதம் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். கடலோரத்தில் நடக்கிற நல்ல காரியங்கள் எல்லாம் ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடையில் முடிந்துவிடும். முதல் நான்கைந்து நாள் உடம்பு இன்னும் சிங்கப்பூர் நேரத்தில் இருக்கும்போதே விடியற்காலை வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு காலை தனுஷ்கோடிக்கு வையுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனைவரை இப்போது நல்ல சாலை போகிறது. இடிபாடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கரைவலை. கரைவலைக்கும் நாட்டுப்படகுக்கும் தடைக்காலம் பொருந்தாது என்பதால் ஜூன் 13, 14லும் அதைப் பார்க்கலாம். வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். வெகுநேரம் கயிறு மட்டுமே வந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள், விடாதீர்கள். இரண்டு வரிசையும் மெல்ல நெருங்கி வந்து, கடைசியில் மடி கரையேறும்போதுதான் உள்ளே இருப்பது தெரியும்: காரல், நெத்திலி, சாளை, ஒன்றிரண்டு கணவாய், எப்போதாவது ஒரு பாறை. பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். அங்கேயே ஓலைக் கொட்டகைகளில் மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். சற்று முன் வலையில் துள்ளிய மீனை மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும் போட்டுப் பொரித்துத் தின்னும் அனுபவத்தை எந்த உணவகமும் தர முடியாது.

பொடிமீனைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரில் நமக்கு முள் இல்லாத தடித்த துண்டுதான் மீன் என்றாகிவிட்டது. குராவ், தெங்கிரி, சால்மன் என்று மூன்று நான்கைச் சுற்றியே வருகிறோம். தமிழகக் கடலோரத்து வீடுகளில் வெயில்காலத்தில் அன்றாடம் சமைப்பது பொடிமீன். தடைக்காலத்தில் உண்மையான புதுமீன் என்று கிடைப்பதும் அதுதான், ஏனென்றால் நாட்டுப்படகுக்காரர் அதிகாலையில் போய்க் காலையிலேயே திரும்பிவிடுகிறார். நெத்திலியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறார்களா, காரல் இருக்கிறதா, பால்சுறாப் புட்டு கிடைக்குமா என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு முள் எடுக்கக் கற்றுக்கொடுக்கவும் இதுவே இடம். சாளையின் நடுமுள்ளை வாலிலிருந்து பிடித்துத் தூக்கினால் முழுதாக வந்துவிடும், ஒரு முறை செய்துகாட்டினால் போதும்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து, 15ஆம் தேதி விசைப்படகுகள் கிளம்பும். இரண்டு மாதமாகச் சாயம் பூசி, வலை பின்னி, இயந்திரம் சரிசெய்து காத்திருந்தவர்கள் அவர்கள். மறுநாள் காலை ராமேசுவரம் இறங்குதுறையில் நின்றால் இறாலும் நண்டும் கணவாயும் கூடை கூடையாக இறங்குவதைப் பார்க்கலாம். பெரிய இறால் ஏற்றுமதிக்குப் போய்விடும். நீங்கள் நீலக்கால் நண்டு வாங்குங்கள். பாக் நீரிணையின் நண்டு அது. தங்கியிருக்கும் விடுதியில் சமைத்துக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் அந்த மிளகாயை அரைத்து வைத்த குழம்பு இந்த மாவட்டத்துக்கே உரியது. நிறம் மிரட்டும், பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பால் கலந்து கொடுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை பக்கம்தான். வெயில் தாழ்ந்தபின் போய்த் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரை, மணிக்கணக்கில் கிண்டல். கேலாங் சிராயில் நோன்புப் பெருநாளுக்கு வாங்கும் டோடோல் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். கீழக்கரைக் கப்பல்காரர்களும் வணிகர்களும் மலாய்த் தீவுகளோடு எத்தனை நூற்றாண்டு உறவாடினார்கள் என்பதை விளக்க அந்த ஒரு துண்டு போதும்.

கடலில் குளிப்பதைப் பற்றி. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்டிலும் தீவுகளும் அலைத்தடுப்புகளும் நம் பிள்ளைகளைக் காக்கின்றன. அவர்கள் அறிந்த கடல் கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பும் கடல். திறந்த கடலின் இழுப்பு அவர்களுக்குத் தெரியாது. நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கியிருந்தாலும் அது இங்கே உதவாது. ஜூன் மாதம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றின் காலம், மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும். ராமேசுவரத்துக்காரர்கள் அந்தப் பக்கத்தை ஆண்கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகள் காலை நனைப்பது பெண்கடல் பக்கமாக இருக்கட்டும். அக்னி தீர்த்தக் கரையிலும், வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கமும் கடல் ஆழமில்லாமல் அமைதியாகக் கிடக்கும். கோடியக்கரையைத் தாண்டி வடக்கே போய்விட்டால் கதை வேறு. வேளாங்கண்ணி, நாகை, தரங்கம்பாடி எல்லாம் திறந்த வங்கக் கடல். அங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவிடாதீர்கள்.

இதே காரணத்துக்காகக் கன்னியாகுமரியை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும், கடல் சீறும். கோடையிலேயே அங்கே காற்றில்லாமல் திடீரென்று அலை எழுந்து கரையில் ஏறுவதுண்டு, அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் அம்மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட அந்த ஊருக்குப் போகத்தான் வேண்டும். அதை வேறொரு பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டிறுதி விடுமுறைக்கும் இந்தக் கிழக்குக் கரையை வைக்காதீர்கள்; நவம்பரும் டிசம்பரும் வடகிழக்கு மழைக்கும் புயலுக்கும் உரியவை.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறுங்கள். தொண்டி, மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று வரிசையாக வரும். மல்லிப்பட்டினத்துக்கு அருகில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் சரபோஜி கட்டிய அடுக்குக் கோபுரம் அது. பாக் நீரிணையின் இந்தப் பகுதியைத்தான் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதுவே முதலாவது. கடற்பசுவை, மீனவர் சொல்லில் ஆவுளியாவை, கரையிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் அது மேயும் கடற்புல் காய்ந்து கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதியோடு படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். சுங்கை பூலோவில் அலையாத்தி மரங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது பழகிய காடாகவே தோன்றும்.

வேதாரண்யத்தில் வெயில்தான் விளைச்சல். கோடையில் உப்பளங்களில் வெள்ளை அம்பாரங்கள் கண் கூசும்படி நிற்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளியது இந்த மண்ணில்தான். கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வருவது குளிர்காலத்தில். ஜூனில் பறவையை எதிர்பார்க்காதீர்கள், வெளிமான்களைக் காணலாம்.

பிறகு நாகப்பட்டினம். கிளம்புவதற்கு முன்பே, சிங்கப்பூரிலேயே ஒரு மாலை பிள்ளைகளைத் தெலுக் ஆயர் தெருவுக்கு அழைத்துப் போங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே கட்டப்பட்ட நாகூர் தர்கா, கட்டப்பட்டபோது கடற்கரையில் இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கியபின் கரை எங்கோ தள்ளிப் போய்விட்டது. கப்பலில் வந்து இறங்கிய சோழமண்டலக் கரையின் முஸ்லிம்கள், நாகூர் ஆண்டவர் நினைவாக முதல் வேலையாக எழுப்பிய இடங்களில் ஒன்று அது. அதைப் பார்த்துவிட்டு நாகூரில் போய் நிற்கும்போது, பிள்ளைகளுக்கு அது அயலூராக இருக்காது. ரஜூலா கப்பல் 1926இலிருந்து 1973வரை ஓடியது. அது நாகைத் துறையில் ஏற்றிக்கொண்டு பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.

நாகூரில் மாலையில் வாடா சாப்பிடுங்கள். அரிசி மாவும் இறாலும் வெங்காயமும் சேர்த்துப் பொரிப்பது. நம் ஊர்ச் சந்தைகளில் வடையின் நெற்றியில் முழு இறாலை ஒட்டிப் பொரிக்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் பெரியவர் இவர் என்று வைத்துக்கொள்ளலாம். தம்ரூட்டும் வாங்குங்கள். ரவை, முட்டை, பால், நெய் சேர்த்துச் சுடும் இனிப்பு, மேல்பக்கம் சற்றுக் கருகியிருந்தால்தான் சரியான பதம்.

அக்கரைப்பேட்டைத் துறைமுகத்துக்கு ஜூன் 19, 20 வாக்கில் போனால் தங்கு தொழிலுக்குப் போன படகுகள் திரும்பத் தொடங்கியிருக்கும். வஞ்சிரமும் பாறையும் சங்கராவும் வாங்க இதுதான் நேரம். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் வாங்குங்கள்; கண் குழிந்திருந்தால் வேண்டாம்.

ஆனித் திங்கள் முழுநிலவு உங்கள் விடுமுறைக்குள் வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். சில ஆண்டுகளில் ஜூன் பிற்பகுதியில் வரும், சில ஆண்டுகளில் ஜூலைக்குப் போய்விடும். வந்தால் காரைக்காலை விடவே கூடாது. நாகூரிலிருந்து சிறிது தூரம்தான்; புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா அப்போதுதான் நடக்கிறது. கணவர் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்கு அன்னத்தோடு படைத்த அம்மையாரின் கதையைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் கையை உயர்த்தித் தாவித் தாவிப் பிடிப்பார்கள், தெரு முழுக்கப் பழவாசனை அடிக்கும். தலையில் ஒன்றிரண்டு விழும், தொப்பி போட்டுக்கொள்வது நல்லது.

தரங்கம்பாடிக்கு ஒரு காலை போதும். டேனியர் 1620இல் கட்டிய கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் இங்கே வந்திறங்கித் தமிழில் அச்சுவேலை செய்தார். ஒன்பது மணிக்குள் பார்த்துவிட்டு வெளியேறிவிடுங்கள், அதற்குமேல் அந்த வெட்டவெளியில் நிற்க முடியாது.

வெயிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஜூனில் இந்தக் கரையில் 37, 38 டிகிரி சாதாரணம். பிற்பகலில் கடற்காற்று நுழைந்தால் உடம்பு தாங்கும். மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், அன்றைக்கு அனல் அடிக்கும். பதினொன்றிலிருந்து நான்குவரை வீட்டுக்குள்ளேயே இருங்கள். மன்னார்குடி உறவினர்களைப் பயணத்தின் பிற்பகுதிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகவும்தான். மதிய வெயிலில் திண்ணையும் விசிறியும் சொந்தக்காரர் பேச்சும் தரும் சுகத்தை விடுதி அறை தராது.

அந்த வீட்டில் போய் இறங்கியதும் விருந்து என்று பிரியாணி போடத் தொடங்குவார்கள். அன்போடு தடுத்து, "நீங்கள் கோடையில் என்ன சாப்பிடுவீர்களோ அதையே கொடுங்கள்" என்று கேளுங்கள். காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். பத்து மணிக்குக் கேப்பைக் கூழோ கம்மங்கூழோ. மதியம் கருவாட்டுக் குழம்பு. தடைக்காலம் முழுக்கக் கடலோர வீடுகளைக் காப்பாற்றுவது கருவாடுதான். அதை அவர்கள் வைக்கும்போது பிள்ளைகளை அடுப்படியில் நிற்கவையுங்கள். கருவாட்டை முதலில் வெந்நீரில் அலசி உப்பையும் மணலையும் போக்குவார்கள். நல்லெண்ணெயில் வெந்தயம், பூண்டு, உரித்த சின்ன வெங்காயம் வதங்கும். கத்தரிக்காய், முருங்கைக்காய் சேரும். புளியைக் குறைத்து, கொட்டை கட்டாத புளிப்பு மாங்காயைத் தோலோடு கீறிப் போடுவார்கள். மாங்காய் பாதி வெந்தபின்தான் கருவாடு இறங்க வேண்டும். முன்னால் போட்டால் கரைந்துபோகும். அன்று வைத்த குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் இறங்கும். இதே குழம்பை இங்கே இக்கான் பிலிஸிலும் வைக்கலாம், அதுவும் நெத்திலிதான்.

வயிற்றுக்கு இரண்டே எச்சரிக்கை. தெருவோரப் பழச்சாற்றிலும் சர்பத்திலும் போடும் பனிக்கட்டியை நம்பாதீர்கள். மீனுக்கு வாங்கும் கட்டிகளிலிருந்து உடைத்ததாகக்கூட இருக்கலாம். நன்னாரி சர்பத் குடிக்க ஆசையென்றால் பனிக்கட்டி இல்லாமல், உங்கள் புட்டித் தண்ணீரைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். அடுத்தது, வெட்டி வைத்த பழம் வேண்டாம், கண்முன் வெட்டியதுதான் வேண்டும். கடற்கரையில் மாங்காயைப் பூப்போல் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருபவரிடம் புதிதாக ஒன்று வெட்டச் சொன்னால் மறுக்க மாட்டார். மற்றபடி இளநீர் தாராளமாகக் கொடுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சிலவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிப் பக்கம் இமாம் பசந்து மாம்பழம் இன்னும் இருந்தால் விலை பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள்.

திரும்பும்போது கருவாடு. நாகையில் வாங்குவதைக் கடைசி நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். மணலில் காயவைத்ததைவிட வலைவிரித்து உயரத்தில் காயவைத்தது மேல். கையில் எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள்: நன்றாகக் காய்ந்தது விறைப்பாக இருக்கும், தூளாக உதிராது, பிசுபிசுப்பும் இருக்காது. சொந்தப் பயன்பாட்டுக்காக ஓர் ஆள் 5 கிலோவரை கடலுணவு சிங்கப்பூருக்குள் கொண்டுவரலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்புமுன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கு விதி வேறு, அனுமதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து வந்தால் மட்டுமே உள்ளே விடுவார்கள். ஆகவே உறவினர் ஆசையாகக் கட்டித் தரும் உப்புக்கண்டத்தை மன்னார்குடியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கருவாட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். வீடு வந்ததும் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதிக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.